தெற்குத் தூண் பெட்டி

பச்சை விளக்கு மினுக்குகிற எந்தச் சாமானையும் பெரியவர் நம்பமாட்டார். ஒரு பொருள் ஓயாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது சும்மா உட்கார்ந்திருக்காது, எதையோ பார்த்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய சலவைக்கூடத்து முற்றத்தில் அப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியபோது அவர் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். மாட்டச் சொன்னது வேறு யாருமில்லை, சொந்த மருமகள்.

மருமகளுக்குக் காற்று அலுவலகத்தில் வேலை. காற்றில் தூசு எவ்வளவு, புகை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிற இடம். ஊர் முழுக்க நாற்பத்துமூன்று பெட்டி மாட்டியிருந்தார்கள். பெட்டி இல்லாத தெருவில் எவ்வளவு தூசு என்பதையும், இன்றைக்கு இருப்பதை வைத்து நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்பதையும் அவள் கணக்குப் போட்டுச் சொல்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, பெட்டியே இல்லாத இடத்துக் காற்றை நீ எப்படியம்மா பார்த்தாய் என்றார். பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கிற பெட்டிகளைக் கேட்டு ஊகிக்கிறேன் என்றாள். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு என் வீட்டில் என்ன சமையல் என்று சொல்கிற மாதிரியா என்றார் அவர். வாசம் வந்தால் சொல்லலாமே மாமா என்றாள் அவள்.

அன்றையிலிருந்து சாப்பாட்டு மேசையில் இரண்டு பேருக்கும் இதே வேலை. அவள் ஒற்றை எண்ணாகவும் சொல்லித் தொலையமாட்டாள். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்பாள். பெரியவருக்கு அதுதான் தாளாது.

"ஓட்டல்காரன் நாப்பது விரிப்பு போட்டிருக்கான். நான் போய், ஐயா, முப்பதும் இருக்கலாம் அம்பதும் இருக்கலாம், மனசைத் தேத்திக்கோன்னு சொன்னா விடுவானா?"

"விரிப்பை நீங்க எண்ணிப் பார்க்கலாம் மாமா. காத்தை நான் எங்கே போய் எண்ணறது? எனக்கு எவ்வளவு தெரியலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

"தெரியலைன்னு சொல்றதுக்குச் சம்பளமா?"

சூப்புக் கரண்டியோடு நின்ற அவர் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க நாப்பது வருஷமா தெரிஞ்ச மாதிரி இனாமாப் பேசறீங்க. அவ தெரியலைன்னு சம்பளத்துக்குப் பேசறா. அவதான் கெட்டிக்காரி."

கூடத்தின் வண்டியை ஓட்டுகிற மகன், சிரிப்பை மறைக்க ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டான்.

கூடத்து முற்றம் நீளமானது. தெற்குச் சுவருக்கு அந்தப்பக்கம் பஸ் டெப்போ. வடக்கே மண் மைதானம். நடுவில் பதினாறு கயிறு, எட்டுத் தூண். மேற்கே கொட்டகை, அதில் துவைக்கிற எந்திரங்கள், பாய்லர், பிறகு உருளை எந்திரம். உருளை என்றால் ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள். உள்ளே நீராவி ஓடும். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் கத்தி மடிப்போடு வரும். விரிப்பிலிருந்து கிளம்புகிற ஆவி முழுக்கப் பின்சுவரில் உள்ள ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று வெளியே போகும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது.

காற்று அலுவலகத்து ஆட்கள் பெட்டியை மாட்டியது தெற்குத் தூணில். அந்தத் தூணடியில்தான் பதினாலு ஆளுக்கும் காலை டீ. எந்த ஓட்டல்காரன் விரிப்பில் மை கொட்டினான், யார் மகள் யாரோடு பேசுகிறாள் என்று எல்லாம் அங்கேதான் அலசிப் பிழிந்து காயப்போடுவார்கள். தண்ணீர்க் குழாய் ஆபீசைப் பெரியவர் பரம்பரையோடு இழுத்துத் திட்டுவதும் அங்கேதான். பெட்டி வந்ததும் அவருக்குத் திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு டீ குடித்தார். டீயில் ருசியே இல்லை.

நாலாம் நாள் பாய்லர்காரனைக் கூப்பிட்டார். வாய் ஓயாத ஆள் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டால் ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடுவான். அதனால் இரண்டு பேருமாக வயரை நீட்டி, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பின்சுவரில், ஆவி ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார்கள்.

"இப்போ ஒட்டுக் கேளுடா பார்ப்போம்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார் பெரியவர். ஆவி புஸ்ஸென்றது.

அடுத்த நாள் டீ இனித்தது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று ரேடியோவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ரேடியோவும் நாலு மாதம் அதைக் காப்பாற்றினான். அவன் ஆயுளில் செய்த பெரிய காரியம் அதுதான். மருமகளுக்குத் தெரிய வழியில்லை. சொந்த வீட்டுக் கூடத்தைத் தானே போய்ப் பார்த்தால் ஆபீசில் தப்பாகப் பேசுவார்கள் என்று அவள் கூடத்துப் பக்கமே வருவதில்லை.

அப்புறம்தான் கடிதம் வந்தது.

மகன் படித்துச் சொன்னான். ஊர் வரைபடத்தில் சலவைக்கூடம் இருக்கிற இடம் ரத்தச் சிவப்பாக இருக்கிறதாம். சுற்றிலும் நாற்பது இருக்கிறபோது இங்கே மட்டும் இருநூற்று நாற்பதாம். பாய்லர் புகைதான் காரணம் என்று தெரிகிறதாம். வியாழக்கிழமை மேலதிகாரி நேரில் வந்து பார்த்து, சரிதான் என்றால் அன்றைக்கே பாய்லருக்குப் பூட்டு. பாய்லர் இல்லையென்றால் வெந்நீர் இல்லை, உருளை இல்லை, கூடமே இல்லை. பதினாலு ஆளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவர் பிடித்துக்கொண்டார். பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததே இதற்குத்தானா என்றார். பெற்ற பெண்ணாக நினைத்ததற்கு நல்ல மரியாதை என்றார். அவளுக்கும் காலையில்தான் தெரிந்திருக்கிறது. அவள் வீட்டுக் காரியம் என்பதால் ஆபீசில் அந்தக் கடிதத்தை அவள் கண்ணில் காட்டவில்லை.

பெரியவர் உள்ளே போய் ஒரு வெள்ளை விரிப்பை எடுத்துவந்து மேசைமேல் உதறிப் போட்டார்.

"இது இன்னிக்குக் கயித்துல காஞ்சது. இருநூத்து நாப்பதுன்னா இது இந்த வெள்ளையா இருக்குமா? அடுப்புக் கரித்துணி மாதிரி ஆகியிருக்காது? உன் பெட்டி சொல்றது உண்மையா, என் விரிப்பு சொல்றது உண்மையா?"

மருமகள் குனிந்து விரிப்பைப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. உட்கார்ந்து, பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள்.

"மாமா, இது எந்தக் கயித்துல காஞ்சுது? எத்தனை மணிக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது அவருக்கு. மேசையிலிருந்த கரண்டி, முள்கரண்டி எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தார். இது ஒண்ணாம் கயிறு, இது பதினாறாம் கயிறு, இந்த உப்புப் புட்டி பஸ் டெப்போ. விடியற்காலை பஸ்ஸைக் கிளப்புவான். அப்போது தெற்கே நாலு கயிற்றில் கைக்குட்டைகூடப் போடக்கூடாது. தெற்குக் காற்று என்றால் ஆறாம் கயிறுவரை கரி வரும். காற்றே இல்லாத நாளில் கரி நகராது, அங்கேயே தொங்கும். ஒன்பது மணிவரை பொறுக்கணும். பத்துக்கு மேல் காற்று திரும்பும். அப்புறம் தெற்கு சுத்தம், வடக்கே மைதானத்துப் புழுதி. மழை பெய்தால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை. முந்தின நாள் கரி இருந்தால் மறுநாள் காலையிலும் பாதி இருக்கும், சட்டென்று போகாது.

மருமகள் எழுதிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் எழுதுவதை நிறுத்திச் சிரித்தாள்.

"பக்கத்து இடம் பக்கத்து இடம் மாதிரி இருக்கும், இன்னிக்கு நேத்து மாதிரி கொஞ்சம் இருக்கும், காத்து எந்தப் பக்கமோ அதைப் பொறுத்து மாறும். இதுதான் மாமா என் மொத்த வேலையும். இதைப் படிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

"எனக்கு மறுபடி மறுபடி துவைச்சே கை தேஞ்சுது" என்றார் பெரியவர். கோபம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் கணக்கு மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டாள். அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டாம். ஒரு பெட்டிமேல் சந்தேகம் வந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றப் பெட்டிகளிடம், அந்த இடத்தில் எவ்வளவு இருக்கும் சொல்லுங்கள் என்று கேட்பார்களாம். அப்படிக் கேட்டாள். நாற்பத்திரண்டு பெட்டியும் சேர்ந்து, தெற்குத் தூணில் முப்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருக்கும் என்றன.

"அப்போ அந்த ஒத்தைப் பெட்டி பொய் சொல்லுதா?" என்றாள் மாமியார்.

"பொய்யா, இல்லை வேற எதையோ பார்த்துட்டுப் பேசுதான்னு தெரியணும் அத்தை. மாமா, பாய்லர் எத்தனை மணிக்கு மூட்டுவீங்க?"

"அஞ்சு."

"பெட்டி அஞ்சு மணிக்குச் சும்மா இருக்கு. ஏழு மணிக்குத்தான் கத்த ஆரம்பிக்குது. ஒண்ணரைக்கு அடங்குது. ரெண்டேகாலுக்கு மறுபடி கத்துது. பாய்லரை நடுவுல அணைப்பீங்களா?"

அணைக்கமாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஏழு மணிக்கு உருளை ஓடும். ஒன்றரைக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள். இரண்டேகாலுக்கு மறுபடி ஓடும். உருளை ஓடினால் ஆவி. ஆவி எங்கே போகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

"சூப்பு ஆறுது" என்றார்.

மருமகள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்தாள். தெற்குத் தூண் பெட்டியை நம்பக்கூடாது, பாய்லரைப் பூட்டக்கூடாது என்று மறுநாள் ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவர் உலாத்தப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சட்டைக்குள் சுத்தியல். ரேடியோ முன்னாலேயே வந்து காத்திருந்தான். பெட்டியைக் கழற்றித் துடைத்துத் தெற்குத் தூணில் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். வயரைச் சுருட்டினார்கள். பின்சுவரில் ஆணி பிடுங்கின ஓட்டையை ரேடியோ சோப்பை வைத்து அடைத்தான்.

"முடிஞ்சுது அண்ணே. வியாழக்கிழமை வந்து பார்க்கட்டும், கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும்."

பெரியவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருமகள் வந்தபோது அவள் முகம் சரியில்லை. மாமியார்தான் கேட்டுக் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து பெட்டி நாற்பது சொல்கிறதாம்.

"நல்லதுதானே" என்றார் பெரியவர்.

நல்லதில்லையாம். நாலு மாதம் இருநூற்று நாற்பது சொன்ன பெட்டி, கடிதம் வந்த வாரத்தில் நாற்பதுக்கு இறங்கினால் யார் நம்புவார்கள்? பெட்டி கெட்டுப்போயிருந்தால் தானாகக் குணமாகாது. அதனால் பெட்டி அப்போதும் சரி, இப்போதும் சரி. ஆட்கள்தான் பயந்து பாய்லரை அமுக்கி எரிக்கிறார்கள், அதற்கு மருமகளும் உடந்தை என்று மேலதிகாரி அம்மாள் சொல்லிவிட்டாராம். கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள், பேசாமல் விட்டுவிடுகிறேன் என்றாராம். இவள் முடியாது என்று வந்துவிட்டாள். வியாழக்கிழமை இவள் சொன்னது பொய் என்று ஆனால் பாய்லரும் போகும், இவளுக்கு இந்தக் கணக்கு வேலையும் போகும்.

"வாங்கிக்க வேண்டியதுதானே காகிதத்தை?" என்றான் மகன்.

"கணக்கு சரிங்க. சரியான கணக்கை எப்படித் திரும்ப வாங்கறது?"

பெரியவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை மேலதிகாரி அம்மாள் வந்தார். கனத்த கண்ணாடி, கையில் இன்னொரு பெட்டி. கூடவே மருமகள், வாசலில் அடியெடுத்து வைக்கத் தயங்கிக்கொண்டு. பதினாலு ஆளும் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். அம்மாள் பாய்லரைப் பார்த்தார்; முழுசாக எரிந்துகொண்டிருந்தது. புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். தான் கொண்டுவந்த பெட்டியைத் தெற்குத் தூணில் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நாற்பத்திரண்டு என்றன. பாய்லர் எரிகிறபோதே நாற்பத்திரண்டு என்றால் நாலு மாதம் என்ன நடந்தது என்று மருமகளைக் கேட்டார். அவள் பெரியவரைப் பார்க்கவேயில்லை. கயிற்றில் ஆடுகிற விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோ எச்சிலை விழுங்கினான். முற்றம் முழுக்க அது கேட்டது.

"அது அங்கே இல்லைம்மா" என்றார் பெரியவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாலு மாசமா அந்தப் பெட்டி தூண்ல இல்லை. நான்தான் கழட்டினேன். வாங்க, காட்டறேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவளைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க."

தூணிலிருந்து பழைய பெட்டியை அவரே கழற்றி, சுருட்டி வைத்த வயரை மறுபடி நீட்டினார். மேலதிகாரி அம்மாளைப் பின்சுவருக்கு அழைத்துக்கொண்டு போய், சோப்பு அடைத்த ஆணி ஓட்டையை விரலால் குத்திக் காட்டி, பெட்டியை அந்த இடத்தில் பிடித்தார். உருளையை ஓட்டச் சொல்லிக் கத்தினார். பக்கத்து ஆவி ஓட்டையிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. பெட்டியில் எண் ஏறியது. எண்பது, நூற்றைம்பது, இருநூற்று முப்பது. அம்மாள் குனிந்து படிக்கப் போனார். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார், கையால் துழாவிக்கொண்டு.

"அந்தப் பெட்டிக்கும் அதேதான்மா" என்றார் பெரியவர். "பாவம், நாலு மாசம் ஆவியில நின்னு, புகை புகைன்னு கத்தியிருக்கு."

முதலில் சிரித்தது மாமியார்தான். எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பதினாலு ஆளும். கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே அம்மாளும் சிரித்துவிட்டார். நீர்த்துளிக்கும் தூசுக்கும் அந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது, அது எங்களுக்குத் தெரிந்த குறைதான், ஆனால் இதை ஆவிக்குள் கொண்டுபோய் மாட்டுவார்கள் என்று யார் கண்டது என்றார். எதற்காக மாட்டினீர்கள் என்றும் கேட்டார்.

பெரியவர் தலையைச் சொறிந்தார். "ஒட்டுக் கேக்கும்னு நினைச்சேன். இங்கே இரைச்சல்ல எதுவும் கேக்காது."

அதற்குச் சிரித்த சிரிப்பில் டெப்போவிலிருந்து இரண்டு டிரைவர்கள் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாள் கிளம்புமுன் மருமகள் தன் காகிதத்தை நீட்டினாள். அதில் கடைசி வரியில் எழுதியிருந்தது: பெட்டியை மாட்டிய நாலாம் நாள் காலை இருபத்திரண்டு நிமிடம் பெட்டி அணைந்திருக்கிறது, அதிலிருந்துதான் எண் மாறியது, பெட்டி இடம் மாற்றப்பட்டிருக்கலாம். கீழே பேனாவால் சேர்த்திருந்தாள்: ஞாயிறு மாலை ஐந்து பத்துக்கு மறுபடி ஒன்பது நிமிடம். அம்மாள் படித்தார், தலையை ஆட்டினார், அந்த இடத்திலேயே பாய்லரைப் பூட்டுகிற உத்தரவை இரண்டாகக் கிழித்து ரேடியோ கையில் கொடுத்தார். ரேடியோ அதைப் பாய்லரில் போட்டான். புகையே வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வீட்டுக்குப் போகிற வழியில் பெரியவர் கேட்டார். "நான்தான்னு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"சூப்பு ஆறுதுன்னு சொன்னீங்களே, அப்பவே பாதி தெரியும். ஞாயித்துக்கிழமை ஒன்பது நிமிஷத்துல மீதியும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை? வேலை போயிருக்குமே."

"நான் சொன்னா அது ஊகம் மாமா. நீங்க சொன்னாத்தான் சாட்சி." கொஞ்சதூரம் நடந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "சொல்லிடுவீங்கன்னும் ஊகிச்சேன். எண்பதுலேருந்து தொண்ணூறுக்குள்ள."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

"மீதிப் பத்து?"

"உங்க பிடிவாதத்துக்கு விட்டு வச்சேன்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் மருமகள் ஆபீஸ் போகுமுன், இன்றைக்கு எத்தனை மணிவரை எந்தக் கயிற்றில் போடலாம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பாள். பெரியவர் மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் மூக்கையும் ஒருமுறை காற்றில் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி போடுவார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒருநாள் ஒத்துப்போகவில்லை. ஐந்தாம் கயிறு சுத்தம் என்று அவள் எழுதியிருந்தாள். வேண்டுமென்றே அவள் பேச்சைக் கேட்டுப் போட்டார். சாயங்காலம் கரிக்கோடு விழுந்த தலையணை உறை ஒன்றைக் கொடிமாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் மனைவி பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. மருமகள் உறையை வாங்கி, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஆபீசில் நாற்பத்துமூன்று பெட்டி, எனக்கு நாற்பத்துநாலு என்றாள்.

பெட்டி தெற்குத் தூணிலேயே இருக்கிறது. அது கேட்காது, அதற்குக் காதே இல்லை என்று திறந்தே காட்டிவிட்டார்கள். பெரியவரும் தலையை ஆட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் அதன் அடியிலேயே நின்று டீ குடிக்கிறார், பழையபடி தண்ணீர்க் குழாய் ஆபீசைத் திட்டுகிறார். காற்று அலுவலகத்தைப் பற்றி மட்டும் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, ரேடியோவையும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பின்சுவர் ஆவி ஓட்டைக்குப் பக்கம் போய்விடுகிறார்.